விண்வெளிக்கு வேலி
நேச நாடுகளின் கூட்டுக் காவல் பற்றிய ஒரு நோக்கு

1960ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 5ஆம் நாள். வடதுருவத்தை அடுத்துள்ள பனி மூடிய கிறீன்லாந்துத் தீவிலே, தூலே என்னும் இடத்தில், அமெரிக்கர் நிறுவிய மாபெரும் ராடார் நிலையம் பணி தொடங்கிச் சில நாட்களே ஆகியிருந்தன. சோவியத் ஒன்றியம் அணுக்குண்டு தாங்கிய ஏவுகணைகளை வடதுருவத்தின் மேலாகச் செலுத்துமாயின், அவற்றைத் தொலைவிலேயே கண்டு எச்சரிப்பதற்கென அமைந்தது அந்நிலையம். அன்று அதன் கருவிகள் திடீரென அபாய அறிவிப்புச் செய்தன. ஏவுகணைகள் கூட்டங் கூட்டமாக எழுந்து வருகின்றன என்றும், அதில் ஐயத்துக்கு இடமே இல்லை என்றும் கணனி கூறிற்று. செய்தி அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள வட அமெரிக்க வான் பாதுகாப்புத் தலைமையகத்தை எட்டியது.

அவ்வேளை அங்கே பொறுப்பில் இருந்தவர் றோய் சிலெமன் என்னும் கனேடிய விமானப் படைத் தளபதி. பதிலடி கொடுப்பதா, பொறுத்திருப்பதா? முடிவு செய்வதற்கு அவருக்கு இருந்தவை சில நிமிடங்களே. அவர் பதறவில்லை. சோவியத் தலைவர் குருஷேவ் அந்நேரம் எங்கிருக்கிறார் என்று உசாவினார். ஐக்கிய நாடுகள் சபைக் கூட்டத்துக்காக நியூயோர்க் நகரிலேயே தங்கியிருக்கிறார் என்ற விடை கிடைத்தது. தம் தலைவன் தங்கியிருக்கும் நாட்டின்மீது அணுக்குண்டு மாரி பொழிய எவரேனும் துணிவரோ? யந்திரமே தவறியிருத்தல் வேண்டும் என அவர் தீர்மானித்தார்.

ஆராய்ந்தபோது உண்மை வெளிப்பட்டது. நோர்வே நாட்டுக்கு மேலாக நிலவு உதயமாகிக் கொண்டிருந்தது. ராடார் அனுப்பிய அலைகள், ஏறத்தாழ 384,000 கிலோ மீற்றர் தொலைவிலுள்ள சந்திரனிற் பட்டு, இரண்டரை வினாடிகளின் பின் எதிரொலித்துத் திரும்பின. அத்துணைத் தொலைவிலிருந்து எதிரொலி வரக்கூடும் என்பதைக் கருதாது அமைக்கப்பட்ட கணனி, நிலவைப் பகைவனின் ஏவுகணைப் படையென்றே கொண்டுவிட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பர். அன்றோ வெண்ணிலவே பேயாயிற்று!

இந்நிகழ்ச்சியிற் கவனிக்கத் தக்க செய்தி ஒன்றுண்டு. நிலையம் அமைந்த மண் டென்மார்க்குக்கு உரியது, கருவி அமெரிக்கருடையது, நிதானம் இழவாது நின்ற தளபதியோ கனேடியர். விண்வெளியைக் காத்தல் என்னும் பணி தொடக்கத்திலிருந்தே தனியொரு நாட்டால் ஆகக்கூடியதாக இருக்கவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஒரு கண் போதாது

விண்வெளிக் காவலுக்கு நண்பர் துணை எதற்கு என்று வாசகர் வினவலாம். பூமி உருண்டையாக இருப்பதே முதற் காரணம். 500 கிலோ மீற்றர் உயரத்திற் செல்லும் ஒரு செய்மதி, ஏறத்தாழ 95 நிமிடங்களில் உலகை ஒருமுறை சுற்றிவிடுகிறது. நிலத்தில் ஓரிடத்தில் நிற்பவனுக்கு அது தென்படுவது, மிஞ்சினால், பத்துப் பன்னிரண்டு நிமிடங்களே. எஞ்சிய நேரமெல்லாம் அது பிற நாடுகளுக்கும் கடல்களுக்கும் மேலே உலாவும்.

பூமத்திய ரேகைக்கு மேலே, ஏறத்தாழ 36,000 கிலோ மீற்றர் உயரத்தில், பூமியின் சுழற்சியோடு ஒத்துச் சுற்றுவதால் ஒரே இடத்தில் நிலைத்து நிற்பன போலத் தோன்றும் செய்மதிகளும் உள. அத்தகைய செய்மதிகளைக் கொண்டு உலகெங்கும் செய்தித் தொடர்பு நடத்தலாம் என்பதை 1945ஆம் ஆண்டிலேயே எழுதிக் காட்டியவர், 1956 முதல் இலங்கையையே தம் இல்லமாகக் கொண்டு வாழ்ந்த ஆதர் சி. கிளார்க் என்பதை நம்மவர் அறிவர். இந்து சமுத்திரத்துக்கு நேர்மேலே நிற்கும் அத்தகைய செய்மதி ஒன்றை, வாஷிங்டன் நகரிலிருந்து எத்துணைப் பெரிய தொலைநோக்கியாலும் காணவியலாது. பூமியே இடையில் நின்று மறைத்துவிடும்.

1957ஆம் ஆண்டு ஒக்டோபர் 4ஆம் நாள், 84 கிலோ கிராம் நிறையுள்ள ஸ்புட்னிக் வானில் ஏறியபோதே இவ்வுண்மை யாவர்க்கும் புலனாயிற்று. அதனை ஏற்றிச் சென்ற ரொக்கெட்டை ராடார் கொண்டு கண்டறிந்தது இங்கிலாந்திலுள்ள ஜோட்றெல் பாங் தொலைநோக்கி. அமெரிக்காவின் சிமித்சோனியன் வானாராய்ச்சி நிலையம், செய்மதிகளைப் படம் பிடிக்கவல்ல விசேட கருவிகளை உலகின் பன்னிரண்டு இடங்களில் நிறுவியது. அவுஸ்திரேலியாவின் வூமரா, யப்பானின் மிட்டாக்கா, இந்தியாவின் நைனித்தால், ஈரானின் ஷிராஸ், ஸ்பெயினின் சான் பெர்னாண்டோ, பெருவின் அரெக்கிப்பா ஆகியன அவற்றுட் சில.

அரசாங்கங்கள் மாத்திரமன்றிப் பள்ளி மாணவரும் இக்காவலிற் பங்கு கொண்டனர் என்பது சுவையான செய்தி. இங்கிலாந்தில் கெற்றரிங் என்னும் ஊர்ப் பாடசாலையில் பௌதிகம் கற்பித்த ஜெப்ரி பெரி என்பார், தம் மாணவரைத் துணைக்கொண்டு, எளிய வானொலிக் கருவியால் சோவியத் செய்மதிகளின் ஒலிகளைக் கேட்டுக் குறித்து வந்தார். 1966ஆம் ஆண்டில் ஏவப்பட்ட செய்மதியொன்றின் பாதையைக் கணித்தபோது, அது வழக்கமான தளங்களிலிருந்து புறப்படவில்லை என்பது அவர்களுக்குப் புரிந்தது. சோவியத் அரசு மறைத்து வைத்திருந்த பிளெசெற்ஸ்க் ஏவுதளம் இவ்வாறு உலகறிய வெளிப்பட்டது. அத்தளம் இருப்பதைச் சோவியத் அரசு ஒப்புக்கொண்டது 1983ஆம் ஆண்டிலேதான்!

வேலியே பயிரை மேய்ந்தது

கூடிக் காவல் செய்தவரிடையே தவறுகள் நிகழவில்லையா எனில், நிகழ்ந்தன. 1962ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், பிரித்தானியாவின் முதற் செய்மதியாகிய ஏரியல் 1, அமெரிக்க ரொக்கெட்டின் உதவியால் வானில் ஏறியது. இரு நாட்டு நட்பின் சின்னம் அது. மூன்று மாதம் நிறைவதற்குள், யூலை 9ஆம் நாள், அமெரிக்கர் பசிபிக் சமுத்திரத்தில் ஜோன்ஸ்ரன் தீவுக்கு மேலே, 400 கிலோ மீற்றர் உயரத்தில், பெரியதோர் அணுக்குண்டை வெடித்துப் பரீட்சித்தனர். அதன் வலிமை 14 இலட்சம் தொன் வெடிமருந்துக்கு ஈடானது. ஆயிரத்து நானூறு கிலோ மீற்றருக்கு அப்பாலுள்ள ஹவாய்த் தீவில் தெரு விளக்குகள் சில அவிந்தன. வானம் செந்நிறமாக ஒளிர்ந்ததை மக்கள் கண்டனர்.

வெடிப்பினால் எழுந்த மின்னணுத் துகள்கள் பூமியின் காந்தப் புலத்திற் சிக்கி, உலகைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத நச்சு வளையமாய் நின்றன. அவ்வளையத்தினூடே சென்ற ஏரியல் செய்மதியின் சூரிய மின்கலங்கள் பழுதுற்றன. வெடிப்புக்கு மறுநாள் ஏவப்பட்ட, அமெரிக்கருக்கே உரிய ரெல்ஸ்ரார் என்னும் செய்தித் தொடர்புச் செய்மதியும் அதே கதிர்வீச்சாற் கெட்டது. நண்பன் வீட்டு விளக்கும் அணைந்தது. தன் வீட்டு விளக்கும் அணைந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை இதுவன்றோ?

இதிலிருந்து பெற்ற பாடம் வீண்போகவில்லை. 1963ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அமெரிக்கா, பிரித்தானியா, சோவியத் ஒன்றியம் ஆகிய மூன்றும், வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் நீரினடியிலும் அணுக்குண்டுப் பரீட்சை செய்வதில்லை என மொஸ்கோவில் உடன்படிக்கை செய்தன.

வானிலிருந்து விழுந்த தீவினை

பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. 1978ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள், கொஸ்மோஸ் 954 என்னும் சோவியத் செய்மதி நிலைகுலைந்து கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தில் விழுந்தது. சாதாரண செய்மதியன்று அது. அணு உலையொன்றைத் தன் வயிற்றிற் சுமந்திருந்தது. உறைபனி படர்ந்த ஏரிகள்மீதும் காடுகள்மீதும் கதிரியக்கத் துண்டுகள் சிதறின. கனடாவும் அமெரிக்காவும் கூடி, ஒரு இலட்சத்து இருபத்து நாலாயிரம் சதுர கிலோ மீற்றர் நிலப்பரப்பைத் துருவித் தேடின. இலங்கைத் தீவின் பரப்பைப் போல ஏறத்தாழ இருமடங்கு அது!

விண்பொருள் விழுந்து கேடு விளைந்தால், அதனை ஏவிய நாடே பொறுப்பு என 1972ஆம் ஆண்டு உடன்படிக்கை கூறுகிறது. அதன்படி கனடா ஏறத்தாழ 60 இலட்சம் கனேடிய டொலர் நட்டஈடு கேட்டது. 1981ஆம் ஆண்டில் சோவியத் ஒன்றியம் 30 இலட்சம் டொலர் கொடுத்துக் கணக்கைத் தீர்த்தது. கேட்டதிற் பாதியே கிடைத்ததாயினும், வானத்துக்கும் சட்டமுண்டு என்பது நிலைநாட்டப்பட்டது.

குப்பைக்குப் பகைவனும் இல்லை, நண்பனும் இல்லை

நம் காலத்துப் பேராபத்து வேறு வகையானது. 2007ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள், சீனா தன் பழைய வானிலைச் செய்மதி ஒன்றைத் தானே ஏவுகணையால் அடித்து உடைத்தது. கருவிகளாற் கண்டு பின்தொடரக்கூடிய துண்டுகள் மாத்திரமே மூவாயிரத்துக்கு மேற்பட்டன. மறு ஆண்டு அமெரிக்காவும், 2019ஆம் ஆண்டு இந்தியாவும் தத்தம் செய்மதி ஒவ்வொன்றை உடைத்தன. அவை தாழ்ந்த உயரத்தில் நிகழ்ந்தமையால் துண்டுகளிற் பெரும்பாலன விரைவில் எரிந்து போயின.

2009ஆம் ஆண்டு பெப்ரவரி 10ஆம் நாள் நடந்ததோ, எவரும் திட்டமிடாத விபத்து. செயலிழந்த ருஷ்யச் செய்மதி ஒன்றும், வேலை செய்துகொண்டிருந்த அமெரிக்கச் செய்மதி ஒன்றும், சைபீரியாவுக்கு மேலே ஏறத்தாழ 790 கிலோ மீற்றர் உயரத்தில் மோதிப் பொடிந்தன. வினாடிக்குப் பத்துக் கிலோ மீற்றருக்கும் அதிகமான வேகத்தில் நேர்ந்த மோதல் அது. துப்பாக்கிக் குண்டின் வேகம் இதனருகே ஆமை நடையே.

2021ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் ருஷ்யா, தன் கொஸ்மோஸ் 1408 செய்மதியைத் தகர்த்தது. ஆயிரத்தைந்நூறுக்கும் அதிகமான துண்டுகள் சிதறின. சர்வதேச விண்வெளி நிலையத்தில் அப்போது எழுவர் இருந்தனர். அமெரிக்கர் நால்வர், ஜேர்மானியர் ஒருவர், ருஷ்யர் இருவர். எழுவரும் தம் ஓடங்களுக்குள் ஓடிப் பதுங்க நேர்ந்தது. ருஷ்யா வீசிய கல் ருஷ்யரின் தலைக்கும் குறி வைத்தது. குப்பைக்குப் பகைவனும் இல்லை, நண்பனும் இல்லை.

பத்துச் சென்ரி மீற்றருக்கு மேற்பட்ட துண்டுகள் இன்று முப்பதினாயிரத்துக்கு மேல் உள எனக் கணிக்கின்றனர். ஒன்று மற்றொன்றை உடைக்க, உடைந்தவை மேலும் பலவற்றை உடைக்க, ஈற்றில் விண்வெளியே பயன்படுத்த இயலாத குப்பை மேடாகிவிடக் கூடும் என்று டொனால்ட் கெஸ்லர் என்னும் அமெரிக்க விஞ்ஞானி 1978ஆம் ஆண்டிலேயே எச்சரித்தார்.

நமக்கென்ன?

வல்லரசுகளின் விவகாரம் நமக்கென்ன என்று இருந்துவிடலாமா? புயல் வருமுன் மீனவரைக் கரைக்கு அழைக்கும் எச்சரிக்கை செய்மதிப் படத்தினின்று பிறக்கிறது. நடுக்கடலிற் கப்பல் தன் வழியை அறிவதும், வங்கிகளின் கணக்குகள் ஒரே நேரக் குறிப்பில் ஓடுவதும், வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் முகத்தைத் தாய் வீட்டிலிருந்தே காண்பதும் செய்மதிகளையும் பிற கருவிகளையும் நம்பியே நடைபெறுகின்றன.

இவற்றைக் கெடுக்க ஏவுகணைதான் வேண்டும் என்பதில்லை. 2022ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆம் நாள், ருஷ்யா உக்ரேன்மீது படையெடுத்த அதே நாளில், அந்நாடு பயன்படுத்திய செய்மதித் தொடர்பொன்று கணனி வழியாகத் தாக்கப்பட்டது. தாக்குதல் உக்ரேனின் எல்லையோடு நிற்கவில்லை. ஜேர்மனியில் 5,800 காற்றாலைகள் தம் கட்டுப்பாட்டு நிலையத்துடன் தொடர்பிழந்தன. யுத்தத்துக்குத் தொலைவிலே, தன்பாட்டிற் சுழன்றுகொண்டிருந்த காற்றாலைக்கும் அடி விழுந்தது.

பத்து நாடுகளின் கூட்டு

இவ்வகை ஆபத்துகளை எதிர்நோக்கவே நேச நாடுகள் இன்று நெருங்கிக் கூடியுள்ளன. 2014ஆம் ஆண்டில் அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா ஆகிய நான்கும் கூட்டு விண்வெளிச் செயற்பாடுகளுக்கென ஓர் அமைப்பை ஏற்படுத்தின. மறு ஆண்டு நியூசிலாந்தும், பின்னர் ஜேர்மனியும் பிரான்சும் சேர்ந்தன. இவ்வேழு நாடுகளும் 2022ஆம் ஆண்டு பெப்ரவரியில், 2031 வரையிலான தம் நோக்கங்களை வெளியிட்டன. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் இத்தாலி, யப்பான், நோர்வே ஆகியனவும் இணைய, கூட்டு பத்தாயிற்று. ஒருவர் கண்டதை மற்றவருக்கு அறிவித்தல், ஒருவர் கருவி மற்றவர் கருவியோடு இசையுமாறு செய்தல், பொறுப்பற்ற செயலை ஒரே குரலிற் கண்டித்தல் ஆகியன இதன் பணிகள்.

வட அத்திலாந்திக் உடன்படிக்கை நாடுகளும் வாளாவிருக்கவில்லை. நிலம், கடல், வான், கணனி வெளி ஆகியவற்றோடு விண்வெளியையும் தம் செயற்களமாக 2019ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டன. விண்வெளியில் ஓர் உறுப்பு நாட்டின்மீது நிகழும் தாக்குதலை யாவர்மீதும் நிகழ்ந்த தாக்குதலாகக் கொள்ளக்கூடும் என 2021ஆம் ஆண்டு பிறசல்ஸ் மாநாட்டில் அறிவித்தன.

இக்கூட்டின் கண்கள் எங்கெங்கே உள்ளன? இங்கிலாந்தின் யோர்க்சயர் மேட்டு நிலத்தில் 1963 முதல் இயங்கும் பைலிங்டேல்ஸ் ராடார் நிலையம், ஏவுகணைக் காவலோடு செய்மதிக் காவலும் செய்கிறது. பசிபிக் சமுத்திரத்தின் மார்ஷல் தீவுகளில் அமெரிக்கர் அமைத்த, ‘விண்வெளி வேலி’ என்றே பெயர் கொண்ட ராடார், 2020ஆம் ஆண்டிற் பணி தொடங்கியது. மேற்கு அவுஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் என்னும் கடற்கரை ஊரிலோ, முன்னர் நியூ மெக்சிக்கோவில் இருந்த பெருந் தொலைநோக்கி ஒன்று கொணரப்பட்டு, 2022 முதல் தென்வானத்தைக் காவல் செய்கிறது.

தொலைநோக்கிக்குப் பகலும் முகிலும் தடை. ராடாருக்கு அவை தடையல்ல. ஆகவே 36,000 கிலோ மீற்றர் உயரத்தையும் எட்டவல்ல ராடார் நிலையங்கள் மூன்றினை, மேற்கு அவுஸ்திரேலியா, பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய மூவிடத்தும் நிறுவுவதென அம்மூன்று நாடுகளும் 2023ஆம் ஆண்டு டிசம்பரில் அறிவித்தன. பூமி சுழலச் சுழல, ஒரு நிலையம் பார்வை இழக்கும் பொருளை மற்றொன்று தொடரும்.

நட்பிலும் ஏற்றத்தாழ்வு

எனினும், கூட்டு என்றவுடன் யாவரும் சமம் என்று கொள்ளலாகாது. 1973ஆம் ஆண்டு ஒக்டோபரில், மத்திய கிழக்கு யுத்தத்தின்போது, அமெரிக்கா தன் படைகளை உலகெங்கும் யுத்த ஆயத்த நிலையில் வைத்தது. அவுஸ்திரேலியாவிலிருந்த அமெரிக்கத் தளங்களும் அக்கட்டளைக்கு உள்ளாயின. எக்ஸ்மவுத் அருகே அமைந்த வடமேற்கு முனைத் தளமும் அவற்றுள் ஒன்று. ஆனால் அந்நாட்டுப் பிரதமர் கோவ் விற்லமுக்கு எவரும் முன்னறிவிப்புச் செய்யவில்லை. தன் வீட்டு முற்றத்தில் நிகழ்வதைத் தான் அறியாதிருந்தமை அவரை வெகுண்டெழச் செய்தது. அதன் பயனாக, மறு ஆண்டிலேயே அத்தளத்தை இரு நாட்டாரும் கூட்டாக நடத்துவதென உடன்பாடு பிறந்தது. இன்று தொலைநோக்கி நிற்பதும் அதே ஊரில் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

இன்றும் மனக்கசப்பு இல்லாமல் இல்லை. புதிய ராடார் அமைவதற்குக் குறிக்கப்பட்ட வேல்ஸ் நாட்டுப் பெம்புறோக்சயரில், அவ்வூர் மக்களிற் பலர் எதிர்த்துக் குரல் எழுப்பியுள்ளனர். தம் மண் பகைவனின் முதற் குறியாகுமோ என்ற அச்சமும், கடற்கரையின் எழில் கெடுமே என்ற கவலையும் அவர்களுக்கு உண்டு. நட்பு நாடுகளுக்குப் பாதுகாப்பு. அதன் பாரமோ ஒரு சிற்றூருக்கு என்பது அவர்தம் முறைப்பாடு. இதனை எளிதிற் புறந்தள்ளலாகாது.

எல்லார்க்கும் உரிய சட்டம்

சிலர் கூடி வேலி அமைக்கலாம். வயலோ எல்லார்க்கும் பொது. அணுக்குண்டு முதலிய பேரழிவு ஆயுதங்களைப் பூமியைச் சுற்றிவரச் செய்யலாகாது என 1967ஆம் ஆண்டு விண்வெளி உடன்படிக்கை விதித்தது. பிற ஆயுதங்களைப் பற்றி அது அவ்வாறு விலக்கவில்லை. இக்குறையை நீக்கும் பொருட்டு, விண்வெளியில் ஆயுதப் போட்டி கூடாது என்னும் தீர்மானத்தை ஐக்கிய நாடுகள் சபையில் பல்லாண்டுகளாக முன்வைத்து வந்த நாடுகள் எகிப்தும் இலங்கையும் ஆம். சிறு நாடு என்று நாம் வாய்மூடி இருந்ததில்லை.

2022ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கா, செய்மதியை ஏவுகணையால் தகர்க்கும் பரீட்சைகளை இனிச் செய்வதில்லை என அறிவித்தது. கனடா, நியூசிலாந்து, யப்பான், ஜேர்மனி, பிரித்தானியா முதலியன பின்தொடர்ந்தன. அவ்வாண்டு டிசம்பரில் இக்கோரிக்கை ஐக்கிய நாடுகள் பொதுச் சபைக்கு வந்தபோது 155 நாடுகள் ஆதரித்தன; 9 எதிர்த்தன; 9 நடுநிலை வகித்தன. ஆயினும், அணுவாயுதத்தை விண்வெளியில் வைக்கலாகாது என்பதை வலியுறுத்தி அமெரிக்காவும் யப்பானும் 2024ஆம் ஆண்டு ஏப்ரலிற் பாதுகாப்புச் சபையிற் கொணர்ந்த தீர்மானத்தை, பதின்மூன்று நாடுகள் ஆதரித்தும், ருஷ்யா தன் இரத்து அதிகாரத்தால் தடுத்தது.

நம்பிக்கை தரும் செய்தியும் இல்லாமற் போகவில்லை. 2009ஆம் ஆண்டு மோதலுக்குப் பின்னர், குப்பை மோதக்கூடும் எனக் கண்டால், அச்செய்மதி நண்பனுடையதாயினும் பகைவனுடையதாயினும், உரியவருக்கு எச்சரிக்கை விடுக்கும் வழக்கத்தை அமெரிக்கர் மேற்கொண்டனர். ருஷ்யச் செய்மதிக்கும் சீனச் செய்மதிக்கும் எச்சரிக்கை செல்கிறது. அயலான் வீட்டில் தீப்பற்றினால் நம் கூரையும் எரியும் என்பது ஓலை வேய்ந்த வீடுகளில் வாழ்ந்த நம் முன்னோருக்குத் தெரிந்திருந்தது. விண்வெளியிலும் அதுவே நியதி.

1960ஆம் ஆண்டு ஒக்டோபரில் உலகைக் காத்தது யந்திரமன்று. அது பொய் சொல்லிற்று. பகைவன் எங்கிருக்கிறான், அவன் மனம் எவ்வாறு இயங்கும் என்று எண்ணிப் பார்த்த மனிதனின் நிதானமே காத்தது. ராடார்கள் பெருகட்டும், தொலைநோக்கிகள் கூர்மை பெறட்டும், நேச நாடுகளின் கூட்டும் வலுப்பெறட்டும். அவற்றின் பின்னே அந்த நிதானமும், எல்லார்க்கும் பொதுவான சட்டமும் நிலைத்திராவிடில், இன்னொரு நாள் உதயமாகும் நிலவு நம்மை மீண்டும் ஏமாற்றக் கூடும். அன்றும் குருஷேவ் நியூயோர்க்கில் இருப்பார் என்பதற்கு உறுதி ஏது?